‘வெல்டரை மாற்றினால் சரியாகிவிடும்’

திருச்சியில் துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் அடிக்கடி நடப்பது இது. எக்ஸ்ரேயில் ஒரு ஜாயின்டில் ஓட்டை தெரிகிறது. ‘யார் போட்டது?’ என்று கேட்கிறார்கள். பெயர் தெரிந்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. சாயங்காலம் அந்த வெல்டருக்குத் திட்டு விழும், மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். அடுத்த மாதம் அதே மாதிரி ஜாயின்டில் அதே ஓட்டை வரும்.

பிரச்சினையை முறையாக ஆராய்ந்து தீர்ப்பதற்கும் வேலைமுறையைச் சீர்ப்படுத்துவதற்கும் பயிற்சிகள் இருக்கின்றன. கைசன், ஃபைவ் எஸ், கியூ.சி. சர்க்கிள், லீன் என்று பல பெயர்களில் அவை நம் ஊருக்கு வந்து போகின்றன. வந்து போகின்றனவே தவிர, பல இடங்களில் தங்குவதில்லை. அவற்றைப் பற்றி முதலாளிகளிடமும் தொழிலாளர்களிடமும் ஊறிப்போன சில நம்பிக்கைகளே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை: தப்பு நடந்தால், அதைச் செய்த கைதான் காரணம்.

மிகப் பழைய நம்பிக்கை இது. அதிக நஷ்டம் தருவதும் இதுதான்.

திருச்சி வெல்டிங்கால் வளர்ந்த ஊர். செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் பெல் வளாகத்திலேயே வந்தது. ஆகவே உதாரணத்தை வெல்டிங்கிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

பாய்லர் வேலைக்கு லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு பயன்படுத்துகிறார்கள். அதன் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பெட்டியைப் பிரித்ததும் தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் ஓவனில் வைத்து உலர்த்த வேண்டும். பிறகு வெல்டர் பக்கத்தில் இருக்கும் சின்னக் கை ஓவனில் சூடு குறையாமல் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். வெளியே திறந்து கிடந்த ராடால் போட்டால் உள்ளே வாயுக்குமிழ் நிற்கும். பெரிய கனமான வேலையாக இருந்தால், ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசலே விடலாம்.

ஐப்பசி மழையில் ஒரு பட்டறையில் ஓட்டை அதிகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏன்? ராடில் ஈரம். ஏன் ஈரம்? கை ஓவனிலிருந்து ஒரு கட்டாக எடுத்துத் தரையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான பட்டறைகளில் விசாரணை இந்த இடத்தில் நின்றுவிடும். படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’, ‘நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று எழுதிக் கோப்பில் போடுவார்கள்.

இன்னும் இரண்டு ஏன் கேட்டுப் பாருங்கள். ஏன் கட்டாக எடுக்கிறார்? கை ஓவன் முப்பது அடி தள்ளி இருக்கிறது, ஒவ்வொரு ராடுக்கும் நடந்தால் அன்றைய வேலை முடியாது. ஏன் அவ்வளவு தூரம்? புது ஆர்டருக்காகப் பெரிய ஜிக் ஒன்றை நடுவில் வைத்தபோது வெல்டிங் இடம் மாறியது, பிளக் பாயின்ட் மாறவில்லை. அதை மாற்றுவது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆக, இங்கே செய்ய வேண்டியது ஒரு பிளக் பாயின்ட் போடுவது, இடம் மாறும்போது கூடவே எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதுவது. அதிகமாய்ப் போனால் ஒரு நாள் எலக்ட்ரீஷியன் வேலை. அந்த வெல்டரை அனுப்பிவிட்டு ஊரிலேயே சிறந்த வெல்டரைக் கொண்டுவந்தாலும் அவரும் ராடைத் தரையில்தான் வைப்பார்.

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், தம் அனுபவத்தில் கண்ட கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பு முறையைச் சேர்ந்தவை என்று மதிப்பிட்டார். அந்த எண் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது சரியாகவே காட்டுகிறது. அமைப்பை மாற்றும் அதிகாரம் வெல்டரிடம் இல்லை, அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

நம்பிக்கை: இதெல்லாம் ஜப்பான்காரர் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்துவராது.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. உற்பத்தித் தரத்தைக் கோட்டுப்படத்தில் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-ல் உருவாக்கியவர் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகாலனோபிஸின் அழைப்பில் அவர் 1947-48-ல் இந்தியா வந்து நம் தொழில்துறையினரிடம் பேசினார். டெமிங் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளை ஆற்றியது 1950-ல். அதாவது அந்தச் சொற்பொழிவுகளுக்கு முன்பே இந்தப் பாடம் நம் காதில் விழுந்துவிட்டது. அதைக் கடைசித் தொழிலாளி வரை கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். அங்கே 1962-ல் தர நிபுணர் இஷிகாவாவின் முயற்சியில் கியூ.சி. சர்க்கிள் எனப்படும் தர வட்டங்கள் பிறந்தன. ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் பிரச்சினையைத் தாங்களே ஆராயும் சிறு குழு அது.

இந்தியாவில் தர வட்டம் 1980-ல் பெல்லின் ஹைதராபாத் ஆலையில் தொடங்கியது. 1982-ல் இந்தியத் தர வட்ட மன்றம் உருவானது. திருச்சிக்காரர்களுக்கு டி.வி.எஸ். என்ற பெயர் புதிதல்ல, டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர்தான். அந்தக் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் விருது பெற்றது, இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். திருச்சிப் பகுதியிலும் ஆலை அமைத்த ரானே பிரேக் லைனிங் 2003-ல் அதே விருதைப் பெற்றது. இந்த ஆலைகளில் மெஷின் முன்னால் நின்றவர்கள் நம் ஐ.டி.ஐ.களில் படித்த பிள்ளைகள். ஒத்துவராது என்று சொல்பவர்கள் அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

நம்பிக்கை: எல்லாம் நம் முன்னோர் அப்போதே செய்ததுதான்.

இது மறுகோடி. ஸ்ரீரங்கத்தில் இதைப் பெருமையோடு சொல்வார்கள், பெருமைக்குக் காரணமும் உண்டு. திருவரங்கம் பெரிய கோயிலின் நிர்வாகத்தை உடையவர் என்று அழைக்கப்படும் ராமானுஜர் சீர்திருத்தியதைக் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு விவரிக்கிறது. ஐந்தாக இருந்த கோயில் பணியாளர் பிரிவுகளை அவர் பத்தாக விரித்தார், பத்துக் கொத்து என்ற பெயர் வந்தது அப்படித்தான். யார் எந்தக் கைங்கரியம் செய்ய வேண்டும் என்று வகுத்த அந்த ஒழுங்கு உடையவர் திட்டம் என்று நிலைத்தது. அன்றாட பூஜையிலிருந்து கூட்டம் அலைமோதும் வைகுண்ட ஏகாதசி வரை, அத்தனை கைங்கரியங்களும் யார் செய்வது என்ற குழப்பம் இல்லாமல் நடக்க வேண்டிய இடம் அது. மேலே சொன்ன பட்டறையில் பிளக் பாயின்ட் யார் பொறுப்பு என்று எழுதாமல் விட்டதை நினைத்தால், எவ்வளவு பெரிய வேலையை அவர் செய்திருக்கிறார் என்பது புரியும்.

ஆனால் அதையே கைசன் என்று சொல்லிவிடுவது ராமானுஜருக்கும் நியாயமில்லை, கைசனுக்கும் நியாயமில்லை. பொறுப்பைப் பிரித்து நிலைநிறுத்துவது ஒரு கலை. கோளாறை எண்ணி, காரணத்தைச் சோதித்துப் பார்த்து, முறையையே மாற்றுவது இன்னொரு கலை. முதலாவதில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. இரண்டாவதை நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கை: புள்ளியியல் படித்தவர்களுக்குத்தான் இது.

பணியிடப் பிரச்சினைகளில் 95 சதவீதத்தை ஏழு எளிய கருவிகளாலேயே தீர்த்துவிடலாம் என்பது இஷிகாவாவின் கருத்து. அவற்றில் மிக எளியது சரிபார்ப்புத் தாள். ஒரு தாளில் இடப்பக்கம் வரிசையாகக் கோளாறுகள்: ஓட்டை, ஸ்லாக், அண்டர்கட், சரியாக உருகிச் சேராதது. மேலே ஷிப்ட், மெஷின் எண், ராடு பெட்டியின் பாட்ச் எண். கோளாறு தெரியும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். நெல் மூட்டை எண்ணிய நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த கணக்குதான். மாதக் கடைசியில் எந்தக் கட்டத்தில் கோடுகள் குவிந்திருக்கின்றன என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை.

தேவைப்படுவது வேறொன்று. அந்தத் தாளை வைத்து யாருக்கும் மெமோ போகக் கூடாது. ஒரு தடவை போய்விட்டால், மறுநாளிலிருந்து தாளில் கோடு குறையும், கோளாறு குறையாது.

நம்பிக்கை: இந்தப் பயிற்சியெல்லாம் ஆட்குறைப்புக்கு முன்னோட்டம்.

தொழிலாளர்கள் சொல்லும் இதைப் பொய் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. திருச்சியில் இதற்கு ரத்தமும் சிறைவாசமும் கலந்த வரலாறு இருக்கிறது. 1928-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனை வேலைகளைப் பொன்மலையில் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முனைந்தது. செலவைக் குறைப்பது என்ற பெயரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பத் திட்டமிட்டது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்யத் தொழில்திறன் தேர்வு என்ற ஒன்றையும் வைத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றார்கள். ஜூலை முடிவில் போராட்டம் தோற்றது. பிறகு 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஊரில் ‘திறமையை மேம்படுத்த வந்திருக்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் கொஞ்சம் தயங்குவது நியாயமே.

உண்மை இதுதான்: பயிற்சியே ஆளைக் குறைப்பதில்லை. மிச்சமான நேரத்தை நிர்வாகம் எதற்குப் பயன்படுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குழு தன் வேலையில் இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்திக் காட்டி, அதற்குப் பரிசாக அதில் ஒருவர் வேலை இழந்தால், அந்த ஆலையில் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அச்சத்தை விரட்டுங்கள் என்று டெமிங் நிர்வாகங்களுக்குச் சொன்னது இதைத்தான். இந்த முயற்சியால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் கொடுத்து, தொழிற்சங்கத்தையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே வகுப்பைத் தொடங்க வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத நிர்வாகம், பயிற்சிக்குச் செலவழிக்காமல் இருப்பதே மேல்.

நம்பிக்கை: இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், போதும்.

போதாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் ஆலைகளில் சூப்பர்வைசர்களுக்கென்று ஒரு பயிற்சி நடத்தியது. மொத்தமே பத்து மணி நேரம். ஆனால் அதை ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவரும் தன் சொந்த வேலையிலிருந்து ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்து, பத்துப் பேர் முன்னால் அதைச் செய்து காட்ட வேண்டும். போருக்குப் பிறகு ஜப்பான் அந்தப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொண்டது. நம் ஊரில் ஹோட்டல் ஹாலில் காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும் வகுப்பில் யாருடைய பிரச்சினையும் பேசப்படுவதில்லை. பெரும்பாலும் வேறு நாட்டு கார் கம்பெனியின் கதைதான் ஓடுகிறது.

பெரிய ஆலைகளுக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்ற எண்ணமும் சரியல்ல. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் திட்டம் 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டபோது, ஆலோசகர் உடனிருந்து வழிகாட்டும் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்பதாக அறிவித்தது. முன்பு அது 80 சதவீதம். உத்யம் பதிவு இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

ஆனால் ஆலோசகரைக் கூப்பிடும் முன் பட்டறை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். ரிஜெக்ஷன் வைக்கும் இடத்தில் ஒரு சரிபார்ப்புத் தாளை ஒரு மாதம் தொங்கவிடுங்கள். இதில் போடும் கோட்டுக்காக யார் மீதும் நடவடிக்கை கிடையாது என்று அதன் தலைப்பிலேயே எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளோடு உங்கள் வெல்டர்கள், ஃபிட்டர்களுடன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.