மூன்றாவது தண்டவாளம்: அறிந்திருக்க வேண்டிய பாதுகாப்பு

மருத்துவத்திற்காகவோ உறவினரைக் காணவோ பெங்களூருக்கும் கொச்சிக்கும் செல்வோர் பலர் அங்குள்ள மெட்ரோ ரயிலில் பயணம் செய்கின்றனர். சென்னை மெட்ரோவில் மின்கம்பி ரயிலுக்கு மேலே செல்கிறது. அவ்விரு நகரங்களிலோ மேலே கம்பி இல்லை. தடத்தை ஒட்டி அமைந்த மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் பாய்கிறது. 1984ஆம் ஆண்டு தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவிலும் இம்முறையே உள்ளது.

ஏன் இந்த முறை?

மேலே கம்பி வேண்டாமையால் சுரங்கத்தின் உயரத்தைக் குறைக்கலாம். பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள தொடுகட்டை இத்தண்டவாளத்தை உரசி மின்சாரத்தைப் பெறுகிறது. தரைக்கு அருகில் இருப்பதால் மின்னழுத்தத்தை மிக உயர்த்த இயலாது. சென்னை மெட்ரோவின் கம்பியில் 25,000 வோல்ட். மேற்கூறிய மூன்று நகரங்களிலும் 750 வோல்ட் மட்டுமே. அழுத்தம் குறைவாக இருப்பதால், துணைமின் நிலையங்களைக் குறுகிய இடைவெளிகளில் அமைக்க வேண்டியுள்ளது. எனவே இம்முறை நகர ரயிலுக்கே பெரிதும் ஏற்றது.

குறைந்த அழுத்தம் தீங்கற்றதா?

இல்லை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். அதுவே உயிரைப் பறிக்க வல்லது. வியர்வையாலோ மழையாலோ தோல் நனைந்திருந்தால் உடலுக்குள் மின்சாரம் மேலும் எளிதாகப் பாயும். தண்டவாளத்தின் மேல் காப்புறை இருந்தாலும் அதனைத் தொடுவதோ மிதிப்பதோ கூடாது. ரயில் இல்லாத வேளையிலும் அதில் மின்சாரம் இருக்கும்.

2024 சனவரியில் பெங்களூரு இந்திராநகர் நிலையத்தில், விழுந்த கைபேசியை எடுக்கப் பயணி ஒருவர் தடத்தில் இறங்கினார். ஊழியர்கள் மின்சாரத்தைத் துண்டித்ததால் அவர் உயிர் தப்பினார். எப்பொருள் விழுந்தாலும் நாமே இறங்காமல் ஊழியரிடம் கூறுவதே முறை.

ஒருவர் தடத்தில் விழுந்தால்

அவரைக் காக்க உடனே குதிப்பது மனித இயல்பு. ஆனால் அது இரண்டாவது உயிரையும் பறிக்கக்கூடும். நடைமேடையில் உள்ள அவசரப் பொத்தானை அழுத்துங்கள். உரக்கக் கூவி ஊழியரை அழையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று ஊழியர் உறுதி கூறும் வரை எவரும் இறங்கக் கூடாது; விழுந்தவரைத் தொடவும் கூடாது. இதற்கிடையே 108 எண்ணில் ஆம்புலன்சை அழையுங்கள்.

பாதுகாப்பான நிலை ஏற்பட்டபின், அவர் உணர்வின்றி, இயல்பான மூச்சும் இன்றி இருந்தால் மார்பின் நடுவில் இரு கைகளாலும் அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்பது அளவு. உணர்வோடு இருந்தால், கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கலாம் என்பதால் அவரை அசைக்காமல் வைத்திருங்கள்.

வெளிக்காயம் சிறிதாயினும் மருத்துவமனை அவசியம்

மின்சாரம் நுழைந்த இடத்தில் சிறு தீப்புண் மட்டுமே தெரியலாம். உள்ளே தசைகள் வெந்திருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிவது அதன் அறிகுறி. இதயத் துடிப்பின் ஒழுங்கும் குலையலாம். ஆகவே, “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் எழுந்து நடந்தாலும், இசிஜி பரிசோதனைக்கும் மருத்துவர் கண்காணிப்புக்கும் அழைத்து வாருங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவரையும் கருவுற்ற பெண்ணையும் சிறிதும் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும்.