கேலிக் விளையாட்டுக் கழகங்களின் தரப் பிரிவும் மேலேற்ற விதிகளும்

அயர்லாந்து நாட்டினர் தமக்கே உரியனவெனப் பேணிப் போற்றும் ஆட்டங்கள் சில உள. அவற்றுள் தலையாயவை இரண்டு. வளைகோல் கொண்டு சிறு பந்தை அடித்தாடும் ஹர்லிங் ஒன்று. கையாலும் காலாலும் பெரும் பந்தைச் செலுத்தியாடும் கேலிக் கால்பந்து மற்றொன்று. இரண்டிலும் பக்கத்துக்குப் பதினைவர் ஆடுவர். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து புகுந்தால் ஒரு கோல். அது மூன்று புள்ளிகளுக்கு நிகர். கம்பத்துக்கு மேலே, இரு தூண்களுக்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி. கால்பந்தில் மட்டும் 2025-ஆம் ஆண்டு முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியே நின்று உதைத்த பந்து அவ்வாறு சென்றால் இரு புள்ளிகள் தரப்படுகின்றன.

1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று, திப்பரரி கவுண்டியிலுள்ள தர்ல்ஸ் என்னும் ஊரில் மைக்கேல் கியூசாக், மாரிஸ் டேவின் முதலியோர் கூடி நிறுவிய கேலிக் விளையாட்டுச் சங்கமே இன்றும் இவ்வாட்டங்களை நடாத்தி வருகின்றது. ஆடுவோர்க்குக் கூலி இல்லை என்பது அச்சங்கத்தின் ஆணிவேரான கொள்கை. டப்ளின் நகரத்துக் குரோக் பூங்காவில் எண்பதினாயிரம் பேர் காண ஆடிய வீரனும் மறுநாள் தன் தொழிலுக்குத் திரும்புவான். கழகங்களோ பெரும்பாலும் கோவிற்பங்கினை எல்லையாகக் கொண்டவை. ஒருவன் எப்பங்கிற் பிறந்து வளர்ந்தானோ அப்பங்கின் கழகத்துக்கே அவன் உரியவன். வேற்றூர் வீரனை விலைகொடுத்து வாங்குதல் என்பது ஆண்டு இல்லை.

ஈண்டுத்தான் நாம் ஆராயப் புகுந்த சிக்கல் தோன்றுகின்றது. ஒரு கவுண்டியிற் பெருநகரக் கழகமும் உண்டு. பதினைவரைத் திரட்டவே இடர்ப்படும் மலையோரச் சிற்றூர்க் கழகமும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே களத்தில் நிறுத்தின் வெற்றி தோல்வி ஆட்டத்துக்கு முன்னரே தெரிந்துவிடும். ஆகலின் கழகங்களைச் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என மூன்று தரமாகப் பிரித்தனர். இவற்றை முதுநிலை, இடைநிலை, இளநிலை எனத் தமிழிற் கூறுவோம். இப்பெயர்கள் வயதைக் குறித்தன அல்ல. இளநிலையில் நாற்பது வயதினரும் ஆடக் காணலாம். மேல்தரத்தில் ஆடுங் கழகத்தின் இரண்டாம் அணியும் கீழ்த்தரத்தில் ஆடுவது வழக்கம்.

மேலேற்றம் என்றவுடன் மாணாக்கராகிய நமக்குத் தேர்வு நினைவுக்கு வரும். ஆயின் ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடும். தேர்விலே தேறினார் அனைவரும் மேல் வகுப்புக்குச் செல்வர். ஆண்டோ பெரும்பாலும் தரத்துக்கு ஒருவர், அதாவது வாகை சூடிய கழகம் மட்டுமே, மேலேறும். கூலிக்கு ஆடும் கால்பந்துலகில் மேலேறிய கழகத்துக்குப் பெரும்பொருள் கிட்டும். அப்பொருளால் வல்லாரை வாங்கிப் புதிய தரத்துக்கு ஈடு கொடுக்கலாம். கேலிக் கழகத்துக்குக் கிட்டுவது கடினமான எதிரிகள் மட்டுமே. நேற்று ஆடிய அதே பதினைவர்தாம் நாளையும் ஆடவேண்டும். இளைஞர் சிலர் பிழைப்பை நாடி டப்ளினுக்கோ கடல் கடந்தோ சென்றுவிடின், மேலேறிய சிற்றூர் அடுத்தடுத்துத் தோற்று ஆளின்றித் தளர்வதும் உண்டு. ஆகவே ஆண்டு மேலேற்றம் பரிசு என்பதினும், ஒத்தாரை ஒத்தாரோடு சேர்க்கும் ஏற்பாடு என்று கொள்ளுதலே பொருந்தும். விதியின் நேர்மையை அளக்கும் கோலும் இதுவே என்பது எம் கருத்து.

இக்கோல் கொண்டு நோக்கின், தோற்றவர் உடனே விலகும் முறையில் ஒருவரை மட்டும் மேலேற்றுவது குறையுடையது. மழையும் சேறும் நிறைந்த ஒரு நாளின் முடிவு, பல்லாண்டு வலிமைக்குச் சான்றாகாது. இரண்டாமிடம் பெறும் வல்ல கழகம் ஆண்டுதோறும் அதே தரத்தில் தங்கி, மெலியாரை நசுக்கிக்கொண்டிருக்கும். இதனை ஒருவாறு நீக்க முயன்றது கார்க் கவுண்டி. அது 2020-ஆம் ஆண்டிலே தன் தரங்களைத் திருத்தியமைத்தபோது, முந்திய சில ஆண்டுகளின் ஆட்டங்களைப் புள்ளியிட்டுக் கணக்கிட்டே கழகங்களுக்கு இடம் வகுத்தது. தரத்துக்குப் பன்னிரு கழகங்கள். நான்கு நான்காக மூன்று தொகுதிகள். தொகுதிக் கடையில் நின்ற மூவருள் ஓரளவு நன்கு ஆடியவர் தப்புவர்; ஏனை இருவரும் தம்முள் ஆடித் தோற்றவர் கீழிறங்குவர். இவ்வாறு முதல் நாளிலே தோற்ற கழகத்துக்கும் இறுதிவரை ஆடப் பொருளுள்ள ஆட்டம் கிட்டுகின்றது.

தொகுதி முறையில் வேறொரு நுட்பம் உண்டு. வெற்றிக்கு இரண்டு புள்ளி. இரு கழகங்கள் சமமாக நின்றால், அவை தம்முள் ஆடிய ஆட்டத்தில் வென்றதே முந்தும். மூன்று சமமாயின், அடித்த புள்ளிகளிலிருந்து விட்ட புள்ளிகளைக் கழித்து வரும் வேறுபாடு நோக்கப்படும். இதுவரை எளிது. ஆயின் ஒரு கழகம் ஆளின்மையால் ஓர் ஆட்டத்தை ஆடாமலே விட்டுக்கொடுப்பின் யாதாகும்?

அ, ஆ, இ, ஈ என நான்கு கழகங்கள் உள்ள தொகுதியைக் கற்பனை செய்க. அ ஆவை 2 புள்ளியால் வென்றது. ஆ இயை 5 புள்ளியால் வென்றது. இ அவை 1 புள்ளியால் வென்றது. ஈ நலிந்த கழகம். அவிடம் 14 புள்ளியாலும், இயிடம் 10 புள்ளியாலும் தோற்று, ஆவோடு ஆட வேண்டிய நாளில் வரவேயில்லை. இப்போது முதல் மூன்றும் இரண்டிரண்டு வெற்றி பெற்றுச் சமம். எல்லா ஆட்டங்களையும் எண்ணின், அவுக்கு 2 கூட்டி 1 கழித்து 14 கூட்ட 15. இக்கு 1 கூட்டி 5 கழித்து 10 கூட்ட 6. ஆவுக்கு 5-இல் 2 போக 3 மட்டுமே. ஆகவே ஆ வெளியேற, அவும் இயும் மேற்செல்லும். ஆ செய்த பிழை யாது? எதிரி வாராமையன்றி வேறில்லை. சங்கத்தின் விதி இதனை முன்னரே உணர்ந்து, விட்டுக்கொடுத்த ஆட்டம் கணக்கைக் கெடுக்குமிடத்துச் சமமானவர் தம்முள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எண்ணுக என்கின்றது. அவ்வாறு எண்ணின், ஆ 3, அ 1. இ 4 குறைவு. ஆ முதலிடம் பெற, இ வெளியேறும். மொத்த முடிவையே தலைகீழாக்கும் இச்சிறு விதியை வகுத்தார் எவரோ, கணக்கும் நீதியும் ஒருங்கு அறிந்தவர்!

இனி, கவுண்டிகளுக்கு இடையிலான வேற்றுமை. ஒவ்வொரு கவுண்டியிலும் ஒவ்வொரு தரத்தில் வென்ற கழகம் மாகாணப் போட்டிக்கும், பின்னர் அயர்லாந்து முழுமைக்குமான போட்டிக்கும் செல்லும். ஆயின் முதுநிலையில் எத்துணைக் கழகங்கள் இருக்கவேண்டும் என்பதை அந்தந்தக் கவுண்டியே வகுத்துக்கொள்கின்றது. 2022-ஆம் ஆண்டில், கால்பந்திற் பேர்போன கெரியில் முதுநிலைக் கழகங்கள் எட்டே; வடக்கே தைரோனில் பதினாறு. ஆகவே கெரியின் ஒன்பதாம் கழகம் இடைநிலை. தைரோனிலோ பதினேழாங் கழகமே இடைநிலை. விளைவு 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிப்பட்டது. அகில அயர்லாந்து இடைநிலைப் பட்டத்தைக் கெரியின் ரத்மோரும், இளநிலைப் பட்டத்தைக் கெரியின் ஃபோஸாவும் வென்றன. தோற்ற இரண்டும் தைரோன் கழகங்களே.

எண்ணிக்கையை எங்கும் ஒன்றாக்கினால் குறை தீரும் என்பாரும் உளர். எமக்கு அஃது ஐயமே. கார்க்கில் ஹர்லிங் முதுநிலை இரண்டு அடுக்கு. இருபத்துநான்கு கழகங்கள் அவற்றில் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே நின்று 2024-இல் வென்ற வாட்டர்கிராஸ்ஹில், 2025 ஜனவரியில் அகில அயர்லாந்து இடைநிலைப் பட்டத்தையும் கொண்டது. இருபத்துநான்கு கழகங்களை அகற்றிய பின்னரும் எஞ்சியவர் வல்லராயின், எண்ணை மட்டும் குறை கூறுதல் யாங்ஙனம்?

ஃபோஸாவைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் பக்கம் ஆடிய டேவிட் கிளிஃபோர்டு, 2022-ஆம் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரரெனத் தெரிந்தெடுக்கப்பட்டவர். அத்தகையார் இளநிலையில் ஆடுதல் முறையோ என வினவலாம். அவர் பிறந்த பங்கு சிறிது. பங்கை விட்டு நீங்குதல் இவ்விளையாட்டின் மரபன்று. வீரன் ஒருவனுக்காகக் கழகத்தை மேலேற்றினால் ஏனைப் பதினால்வர் துன்புறுவர். கழகத்துக்காக வீரனைக் கீழே நிறுத்தினால் அவன் திறமை வீணாகும். இதற்குக் கெரியும் கார்க்கும் கண்ட வழி வட்டார அணி. முதுநிலையில் ஆடாத கழகங்களின் வீரர் தம் கழகத்துக்குக் கீழ்த்தரத்தில் ஆடிக்கொண்டே, வட்டாரத்தின் பேரால் ஒன்றுகூடிக் கவுண்டி முதுநிலைப் போட்டியிலும் ஆடுவர். 2022-இல் கெரியின் முதுநிலைப் பட்டத்தை வென்றது ஃபோஸாவும் அடங்கிய கிழக்குக் கெரி அணியே. கார்க்கில் பல்கலைக்கழகக் கல்லூரியும் இவ்வாறே தனியணி அனுப்புவது மாணாக்கர்க்கு மகிழ்வூட்டும் செய்தி.

வட்டார அணி வென்றால் மாகாணத்துக்குச் செல்வது யார் என்பதற்கும் விதி உண்டு. 2024-இல் கார்க் ஹர்லிங் இறுதியாட்டத்தில் இமோகில்லி என்னும் வட்டார அணி சார்ஸ்ஃபீல்ட்ஸ் கழகத்தை வென்றது. வட்டார அணி கழகம் அன்று. ஆகலின் தோற்ற சார்ஸ்ஃபீல்ட்ஸே கார்க்கின் பேரால் மன்ஸ்டர் மாகாணப் போட்டிக்குச் சென்றது. சென்றதோடு நில்லாது அம்மாகாணப் பட்டத்தையும் வென்று, 2025 ஜனவரியில் அகில அயர்லாந்து இறுதியாட்டம் வரை முன்னேறி, டப்ளினின் நா ஃபீயனா கழகத்திடம் தோற்றது. தன் கவுண்டியிலே தோற்ற கழகம் மாகாணத்தின் தலைவனாதல் கேட்போர்க்கு விந்தையாகலாம். ஆயினும் பல பங்குகளின் வீரரைத் திரட்டிய அணியோடு ஒரே பங்கின் கழகம் மோதுதல் தகாது என்று பிற கவுண்டியினர் உரைப்பதில் நியாயம் உண்டு. இமோகில்லியின் வீரரும் அவ்விதியை அறிந்தே ஆடினர்.