செட்டு மாத்திரை வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்போம்



நடவு, களையெடுப்பு சமயத்தில் நம் பக்கத்து மெடிக்கல் கடைகளில் சாயங்காலம் கேட்கிற குரல் நமக்குத் தெரிந்ததுதான்: "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க."

நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட இடுப்பு வலிக்கத்தான் செய்யும். மூன்று நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி, காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயரும் தெரியாது, காலாவதி தேதியும் தெரியாது. காலையில் வலி இருக்காது. அதனால் மறுநாளும் வாங்குகிறோம்.

அந்த உறையில் ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை இருக்கும். சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். டாக்டர் அளவோடு கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. மாதக்கணக்கில் நாமே வாங்கிப் போட்டால் முகம் ஊதும், சுகர் ஏறும், எலும்பு பலம் இழக்கும். முகம் ஊதியதைப் பார்த்து "உடம்பு தேறிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு! ரொம்ப நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷரையும் ஏற்றும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் குழுப் பெண்களே வீடு தேடி பிரஷர் மாத்திரை கொண்டு வருகிறார்கள். அதையும் போட்டு, செட்டு மாத்திரையும் போட்டால் பிரஷர் எப்படிக் குறையும்?

இதையெல்லாம் கேட்கத்தான் கடையில் மருந்தாளுநர் இருக்கிறார். அவர் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் இல்லை. மருந்தைப் பற்றிப் படித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் என்று 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் சொல்கிறது. "மருந்தாளுநர் இருக்காங்களா?" என்று கேட்க வெட்கம் எதற்கு? பேங்க் மேனேஜரிடமே கடன் பேசியவர்கள் நாம்.

ஏற்கெனவே போடும் மாத்திரை, வயிற்றுப்புண், முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து, கர்ப்பம், பிள்ளைக்குப் பால் கொடுப்பது எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று கேளுங்கள். பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி அட்டையாகவே வாங்குங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை வாங்கக்கூடாது.

கூத்தாநல்லூரில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று ஆள் போயிருக்கும் வீடுகள் நிறைய. அங்கிருந்து வரும் மாத்திரைகளையும் பெட்டியோடு மருந்தாளுநரிடம் காட்டுங்கள். அங்கே பனடோல் என்பதும் இங்கே டோலோ, குரோசின் என்பதும் பாராசிட்டமால்தான். வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரல் கெட்டுவிடும்.