மலர் வணிகர் காட்டிய வழி: கூட்டு விநியோகமும் கூட்டு விளம்பரமும்

நெல்லைக் காயவைத்துக் களஞ்சியத்தில் இட்டால், நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தக்காளியும் கீரையும் அவ்வாறு காத்திரா. விரைவில் வாடும் பொருளை விற்பவர், கேட்டவர் கேட்ட விலைக்குக் கொடுக்க நேரிடுகின்றது. மரக்கறி செய்வோர் அனைவரும் இத்துன்பத்தை அறிவர். பூவை விற்போரும் இதே இடரை உடையவர்களே. அவர்கள் ஒன்றுகூடித் தமது வியாபாரத்தைப் பெருக்கிய விதம், கமக்காரராகிய நீங்களும் அறிந்து பயன்பெறத்தக்கது.

தந்தி வழியாகப் பூ

தொலைதூரம் அனுப்பும் பூ வழியிலே வாடிவிடும். ஆகையால் முன்னர் ஒரு பூக்கடையின் வியாபாரம் பெரும்பாலும் அவ்வூர் எல்லைக்குள் அடங்கியிருந்தது. 1910ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே 13 பூக்கடைக்காரர் இதற்கு ஒரு வழி கண்டனர். பூவை அனுப்பாது, கட்டளையை மட்டும் தந்திமூலம் அனுப்புவதே அவ்வழி. பெறுபவரின் ஊரிலுள்ள உறுப்பினர் தம் கடையிலிருந்து புதிய பூவை எடுத்து வீட்டிற் சேர்ப்பார். கட்டளை பெற்ற கடை தனக்குரிய தரகைக் கழித்துக்கொண்டு, மிகுதிப் பணத்தைப் பூக்கொடுத்த கடைக்குச் செலுத்தும். முன்பு கைநழுவிய வியாபாரத்தால் இரு கடைகளும் இலாபமடைந்தன. ஜேர்மனியில் 1908ஆம் ஆண்டிலேயே இத்தகைய முயற்சி தொடங்கியிருந்தது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரித்தானிய, ஐரோப்பியச் சங்கங்கள் இணைந்து உலக அமைப்பொன்றை நிறுவின.

நம்பிக்கையே முதல்

பணம் கொடுத்தவர் பூவைக் காண்பதில்லை. வாடிய பூவை ஒரு கடை கொடுத்தால், பழி பணம் வாங்கிய கடையைச் சாரும். ஆதலால் கொடுத்த பணத்துக்கேற்ற பூ, குறித்த நேரத்தில் விநியோகம், தவறாத கணக்குத் தீர்ப்பு ஆகிய மூன்றும் இத்தொழிலுக்கு இன்றியமையாதன.

கூட்டு விளம்பரம்

ஒரு கடை தன்னை மட்டும் விளம்பரஞ் செய்தால், பெரும்பாலும் அயற்கடையின் வாடிக்கையாளரையே இழுக்கும். ஊரிற் பூ வாங்குவோர் தொகை பெருகாது. 1917ஆம் ஆண்டளவில் அமெரிக்க மலர்த்தொழிலாளர் வேறு வழியை மேற்கொண்டனர். வளர்ப்போரும் மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் பணம் சேர்த்து, "பூக்களாற் சொல்லுங்கள்" என்ற வாசகத்தை நாடெங்கும் பரப்பினர். அது எந்தக் கடையையும் புகழவில்லை; பூ வாங்கும் விருப்பத்தையே வளர்த்தது. அவ்வாசகம் இன்றும் வழக்கில் உள்ளது.

ஓர் எச்சரிக்கை

மேற்கூறிய அமெரிக்கச் சங்கம் 1994ஆம் ஆண்டில் உறுப்பினரின் உடைமை என்ற நிலையிலிருந்து முதலீட்டாளர் கைக்கு மாறியது. பலரின் உழைப்பால் வளர்ந்த சங்கம் பலரின் கையிலேயே நிலைக்க வேண்டுமெனின், உறுப்பினர் கூட்டங்களுக்குத் தவறாது சென்று கணக்கை விசாரித்தல் வேண்டும்.

நீங்கள் செய்யத்தக்கவை

1. அயலவர் சிலர் சேர்ந்து, மரக்கறியைப் பருமனுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பத் தரம் பிரியுங்கள். நல்லதை மேலே வைத்துக் கழிவை அடியில் மறைக்காதீர்கள். ஒருவரின் கெட்ட பெட்டி எல்லோரின் விலையையும் குறைக்கும்.

2. சாக்கில் இறுக்கி அடைத்த தக்காளி நசுங்கும். பெட்டிகளில் அடுக்கி, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அடையாளம் இடுங்கள்.

3. அறுவடைக்கு முன்பே கடைகளுடனும் விடுதிகளுடனும் பேசிக் கட்டளை பெறுங்கள். கேட்ட பொருள் உங்களிடம் இல்லையெனில், கட்டளையைக் கைவிடாது அயலூர்ச் சங்கத்துக்குத் தொலைபேசிமூலம் அறிவியுங்கள். தரகை முன்னரே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

4. விளம்பரச் செலவை, ஒவ்வொருவரும் விற்ற நிறைக்கேற்பப் பகிருங்கள். ஊர், பயிர், அறுவடை நாள் ஆகியவற்றை விளம்பரத்தில் உள்ளபடியே கூறுங்கள். பொய்யான விளம்பரம் ஒரு முறைதான் விற்கும்.

5. வாரந்தோறும் கணக்குத் தீர்த்து, யாவரும் கேட்க வாசியுங்கள்.

முதலில் ஐந்தாறு பேர் ஒரு பயிருடன் தொடங்குதல் போதுமானது. ஒரு போகத்தின் கணக்கைப் பார்த்தபின் சங்கத்தை விரிவாக்கலாம். தரம் பிரித்தல், பொதியிடல் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், சங்க அமைப்புப் பற்றிக் கூட்டுறவு உத்தியோகத்தரிடமும் ஆலோசனை பெறுவீர்களாக.