பழைய காற்றாலை வெறும் பழைய இரும்பா?



எங்கப்பா திருவொற்றியூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் லோடுமேன். போன வருடம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, தெற்கிலிருந்து வந்த லாரியில் ஒரு பெரிய கியர் பாக்ஸ் இறங்கியது. காற்றாலையில் கழற்றியதாம். இரண்டு வருடமாக டிராயிங் ஷீட்டில் மட்டும் வரைந்த ஹெலிகல் கியரை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கேஸ் கட்டிங் செய்து எடை போட்டுவிட்டார்கள். "எறக்கை வரலியாப்பா?" என்று கேட்டேன். "அது ஃபைபருடா, எடைக்கு ஆவாது" என்றார். அன்றிலிருந்து காற்றாலை பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வந்த கதை

இந்தியாவில் காற்றாலைப் பண்ணைகள் தொடங்கியது 1986-ல். குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி போன்ற கடலோரங்களோடு நம் தூத்துக்குடி பக்கத்து முள்ளக்காட்டிலும் அரசே முன்மாதிரியாக அமைத்தது. அவை 55 கிலோவாட் இயந்திரங்கள். பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவின. காரணம் நம் மலைகள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு வேகமாக வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்கு!

வேலை செய்யும் விதம்

இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 50 சுற்றுதான் சுற்றும். ஆறு துருவ ஜெனரேட்டருக்கோ 1000-க்குச் சற்று மேல் வேண்டும். ஆக 20 மடங்கு வேகத்தைக் கூட்டுவது கியர் பாக்ஸின் வேலை. நான் பார்த்ததும் அந்த வேலை செய்ததுதான்.

ஏன் கழற்றுகிறார்கள்?

பழையதன் இறக்கை வட்டம் சுமார் 15 மீட்டர் விட்டம். இன்றைய 3 மெகாவாட் இயந்திரத்துக்கு 140 மீட்டர்கூட உண்டு. அது ஒன்றே 54 பழைய இயந்திரங்களுக்குச் சமம். நல்ல காற்று வீசும் இடத்தில் சின்ன இயந்திரத்தை வைத்திருப்பது நஷ்டம்தான். 2024-ல் தமிழக அரசும் பழையவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் கொள்கை வெளியிட்டது. இதில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் நாளை எதைக் காட்டிப் பாடம் நடத்துவது?

காப்பவர்கள் இருக்கிறார்கள்

நெதர்லாந்தின் கிண்டர்டைக் ஊரில், பெரும்பாலும் 1740 வாக்கில் கட்டிய 19 காற்றாலைகள் நிற்கின்றன. 1997-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அங்கே காற்றாலையைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை, சுற்ற விடுகிறார்கள். சும்மா நின்றால் மரமும் அச்சும் கெட்டுவிடும். 1972 முதல் தன்னார்வக் காற்றாலைக்காரர்களுக்குச் சங்கமே இருக்கிறது. 2017-ல் அந்தத் தொழிலையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அதாவது இயந்திரத்தோடு அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் காப்பாற்றுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. 2005-ல் புதுப்பித்தார்கள். இன்றும் ரயில் நிற்கிறது.

நாம் கேட்போம்

ஒவ்வொரு மாடலிலும் ஒன்றையாவது அதே இடத்தில் சுற்ற விட வேண்டும். கழற்றுகிற கியர் பாக்ஸ்களை பாலிடெக்னிக்குகளுக்கு ஒவ்வொன்று தர வேண்டும். டவர் ஏறி கிரீஸ் போட்ட தொழிலாளிகளின் அனுபவத்தை நாமே போய்க் கேட்டு எழுதி வைக்கலாம்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இரும்பின் எடை அப்பாவுக்குத் தெரியும், அது செய்த வேலை எனக்குத் தெரியும். அடுத்த லோடு அறுபடுவதற்குள் இரண்டையும் தெரிந்தவர்கள் பேச வேண்டாமா?

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை