இரும்புக்கும் மரத்துக்கும் ஒரே ரம்பமா?

அனுப்பர்பாளையம்

மாப்பிள்ளைக்கு,

நெருப்பெரிச்சலில் ஷெட் பிடித்து, பனியன் கம்பெனிகளுக்குக் கட்டிங் டேபிளும் ரேக்கும் செய்து கொடுக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னபோது உண்டான சந்தோஷம், ஆங்கிள் இரும்பையும் பிளைவுட்டையும் ஒரே நான்கு அங்குல கிரைண்டரில் பிளேடை மாற்றி மாற்றி அறுத்துக்கொள்வதாக நீ உத்தேசித்திருப்பதைக் கேட்ட க்ஷணத்திலேயே பாதியாகிவிட்டது. எந்த யந்திரத்தை வாங்குவது என்பது உன் இஷ்டம், நான் தலையிடவில்லை. தீர்மானிக்குமுன் இரண்டு வஸ்துக்களின் ஸ்வபாவத்தையும் சற்றே யோசித்துப் பார்.

இரும்பை அறுக்கும் கட்டிங் வீலுக்குப் பல் கிடையாது. அதிலுள்ள பொடிக்கற்கள் உலோகத்தைத் தேய்த்துத் தேய்த்தே பிரிப்பதால், சின்ன கிரைண்டரின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வேகம் அதற்குப் பொருந்துகிறது. மர பிளேடுக்கோ பெரிய பற்கள். அதற்கென்றே அமைந்த ஏழு அங்குல சர்க்குலர் ரம்பம் ஏறக்குறைய 5,000 சுற்றுத்தான் ஓடுகிறது. பலகைமேல் படிந்து நிற்கும் தட்டும், அறுத்து முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கார்டும் அதில் உண்டு. கிரைண்டரில் அந்தத் தட்டும் இல்லை, தானே மூடிக்கொள்ளும் கார்டும் இல்லை. பலகை இறுகிப் பல்லைக் கவ்விய மாத்திரத்தில் யந்திரம் அறுப்பவன்மேலேயே எகிறும்.

உன் சின்ன மாமனுக்கு நேர்ந்தது அதுவே. ஒரு வேலைக்கு இரண்டு மெஷின் எதற்கு என்று கிரைண்டரின் கார்டைக் கழற்றி மர பிளேடை மாட்டச் சொன்னவர் அவன் வேலை பார்த்த பட்டறை முதலாளி. அவன் கையில் சுற்றியிருந்ததோ பனியன் வேஸ்ட். பின்னல் துணியாகையால் அது சட்டென்று அறுந்து போகாமல் நீண்டு கொடுத்து, விரல்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரிச் செலவில் பங்கு கொடுக்காததோடு, ஜாக்கிரதையில்லாதவன் என்று அவனையே ஊரறியத் தூஷித்த அந்த மனிதரை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. நாளை நீயும் முதலாளி. உன்னிடமும் ஒரு பையன் கூலிக்கு நிற்பான். அவனிடம் நீ என்ன மெஷினைக் கொடுப்பாய்?

இரும்புக்குப் பதினான்கு அங்குலச் சாப் சா ஒன்றைத் தனியே வாங்கி, வைஸில் இறுக்கி அறு. அதையும் மரத்தூள் கிடக்கும் இடத்தில் வைக்காதே. உன் ஷெட்டின் பக்கத்துச் சுவரை ஒட்டிப் பனியன் கட்டிங் வேஸ்ட் குடோன் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தீப்பொறி பஞ்சுத் தூசியில் விழுந்தால் உடனே எரியாமல் உள்ளுக்குள்ளே கனன்று, நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பிறகும் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகையால் கடைசி ஒரு மணி நேரம் இரும்பு அறுக்கும் வேலை வேண்டாம். தண்ணீர் வாளியும் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிளேடு வாங்கும்போது அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தையும் படித்துப் பார். மெஷினின் வேகம் அதற்கு மேற்பட்டதானால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதே.

இவ்வளவு கண்டிப்பாக எழுதிவிட்டேனே என்று மனம் வருந்தாதே, கண்ணு. உன் கைவேலையின் நேர்த்தி நம் குடும்பத்தில் வேறெவருக்கும் வாய்க்கவில்லை. உன் தாத்தா இருந்திருந்தால் முதல் டேபிளைத் தாமே தடவிப் பார்த்துப் பூரித்திருப்பார். இரண்டாவது மெஷினுக்கான பணத்தை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன், திருப்பித் தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒப்புட்டுச் சுடுகிறாள். அவசியம் வந்து சாப்பிட்டுப் போ.

உன் பிரிய மாமன்