அழகு மீனின் நிறமும் ஒளியும்

நாற்றுமேடையில் நிழலில் வளர்ந்த மிளகாய்க் கன்றை உச்சி வெயிலில் பிடுங்கி நட்டால் அது வாடிவிடும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆகவே மாலையில் நட்டுச் சில நாட்களுக்கு ஓலை மறைப்பு இடுவர். நீரில் வாழும் மீனுக்கும் ஒளியைப் பொறுத்தவரை இத்தகைய பக்குவம் வேண்டும்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில் கடலோரமாக உள்ள ஊர் முள்ளிக்குளம். 2007ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். பின்னர் திரும்பிய குடும்பங்கள் தம் வாழ்வைப் படிப்படியாகக் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. மாரி மழையை நம்பிப் பயிரிடும் இத்தகைய வரண்ட பிரதேச ஊர்களில், முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் கப்பி, பொன்மீன் முதலிய அழகு மீன்களை வளர்ப்பது துணை வருவாய் தரக்கூடியது. அழகு மீனுக்கு விலையைத் தருவது அதன் நிறமே. தொட்டியில் செழிப்பான நிறத்தோடு இருந்த மீன், கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றியதும் வெளிறிவிடுவதுண்டு. அதனை நோயென எண்ணி உடனே மருந்திடுவோர் பணத்தையும் இழப்பர். சில வேளை மீனையும் இழப்பர்.

நிறம் மாறும் விதம்

மீனின் தோலில் நிறக்கலங்கள் உள்ளன. அவற்றுட் சில கரியவை, சில மஞ்சள் அல்லது சிவப்பு நிறமுடையவை, சில ஒளியைத் தெறிக்கச் செய்பவை. கரிய கலத்தினுள் உள்ள நுண்மணிகள் பரவும்போது மீன் கறுத்துத் தோன்றும். அவை நடுவில் ஒடுங்கும்போது வெளிறித் தோன்றும். நரம்புகளும் உடலிற் சுரக்கும் ஓமோன்களும் இதனை நடத்துகின்றன.

மேலிருந்து விழும் ஒளியையும் அடித்தளத்திலிருந்து தெறிக்கும் ஒளியையும் கண்ணால் ஒப்பிட்டு, மீன் தன் நிறத்தைச் சூழலுக்கு இசைத்துக்கொள்கிறது. வெண்மணல் மேல் வெளிறுவதும், கருஞ்சேற்றின் மேல் கறுப்பதும் பகைவர் கண்ணுக்குத் தப்புவதற்கேயாம். கண் மட்டுமன்றி, மூளையின் மேற்புறத்திலுள்ள கூம்புச் சுரப்பியும் ஒளியை உணரும். கண்ணிழந்த மீனும் ஒளிக்கேற்ப நிறம் மாறுவதை, தேனீக்களின் ஆய்வாற் புகழ்பெற்ற கார்ல் வொன் பிரிஷ் 1911ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

நியொன் டெட்ரா என்னும் சிறு மீன் இரவில் தன் ஒளிர்நிறத்தை இழந்து மங்கியிருக்கும். காலையில் ஒளி கண்டபின் பழைய நிறம் பெறும். இது இயல்பேயன்றி நோயன்று.

வீட்டிலேயே ஒரு சோதனை

உட்புறம் வெண்மையான பேசின் ஒன்றும், கருமையான பேசின் ஒன்றும் எடுத்து, ஒரே தொட்டி நீரை இரண்டிலும் நிரப்புக. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களிற் பரவியுள்ள திலாப்பியாவின் குஞ்சுகளை இரண்டிலும் சிலவாக விடுக. சில மணி நேரத்தின் பின் நோக்கினால் வெண் பேசினில் உள்ளவை வெளிறியும், மற்றவை கறுத்தும் இருக்கும். இடம் மாற்றி விட்டால் நிறமும் மாறும்.

திடீர் ஒளியால் வரும் தகைப்பு

பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணிமை இல்லை. கண்மணியும் நம்முடையதுபோலச் சுருங்குவதில்லை. இருளிலிருந்து ஒளிக்குக் கண் பழகுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லலாம். எனவே நள்ளிரவில் மின்குமிழைத் திடீரென ஏற்றினால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும்; தொட்டிக்கு வெளியே துள்ளியும் விழும்.

இவ்வாறான தகைப்பின்போது கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரக்கிறது. அது அடிக்கடி நேர்ந்தால் மீனின் பசி குறையும், வளர்ச்சி தடைப்படும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். இரவு பகலாக விளக்கை எரிய விடுதலும் இத்தகைய தீங்கையே தரும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. முள்ளிக்குளப் பகுதியின் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே. கண்ணாடிப் பெட்டியின் விளக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தாற் போதும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் அணைத்தல் நன்று.

2. முதலில் அறை விளக்கை ஏற்றி, அரை மணி நேரம் கழித்தே பெட்டி விளக்கை ஏற்றுக. அணைக்கும்போது பெட்டி விளக்கை முதலிலும் அறை விளக்கைப் பின்னரும் அணைக்க.

3. வெளித் தொட்டியின் ஒரு பாதிக்குக் கிடுகு அல்லது பனையோலையால் நிழல் தருக. நீர் மிகச் சூடேறுவதை இது தடுக்கும். மீனும் வேண்டியபோது ஒதுங்கும்.

4. விற்பனைப் பெட்டியின் அடியில் வெண்மணலைத் தவிர்த்து, கருநிறக் கூழாங்கற்களை இடுக. மிதமான ஒளியும் கரிய தளமும் மீனின் நிறத்தை எடுத்துக்காட்டும்.

5. பொலித்தீன் பையிற் கொண்டுவந்த மீனை மங்கிய ஒளியிலேயே தொட்டிக்கு மாற்றுக. அன்று பெட்டி விளக்கை ஏற்றாதிருத்தல் நலம்.

6. சிவப்பு, மஞ்சள் நிறப் பொருள்களிற் பலவற்றை மீன் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறுகிறது. பாசியும், அவித்து மசித்த கரட்டும் சிறிதளவு கொடுக்கலாம். உணவு குறைவாயின் ஒளியால் மட்டும் நிறம் வாராது.

ஒளியா, நோயா?

வெளிறிய மீன் நன்றாக நீந்தி, இரையை ஏற்று, ஓரிரு நாட்களில் நிறம் மீளுமாயின் காரணம் ஒளி அல்லது தளமே. செட்டைகளை உடலோடு ஒடுக்கி, மூலையில் ஒதுங்கி, விரைந்து மூச்சுவிட்டு, இரையை மறுக்குமாயின் தகைப்பு உண்டு. ஒளியைக் குறைத்து நீரையும் சோதிக்க. வெண்புள்ளி, புண், அரிந்த செட்டை என்பன காணப்படின் அது நோயாகலாம். அப்பொழுது நெக்டா என வழங்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரிடம் ஆலோசனை பெற்றபின்னரே மருந்திடுக.

இலை மஞ்சளானதும் காரணம் அறியாமல் மருந்து தெளிப்பவர் நல்ல கமக்காரர் அல்லர். மீன் வெளிறினாலும் முதலிற் பார்க்க வேண்டியது விளக்கையும் தளத்தையுமே. மருந்துப் போத்தலை எடுப்பது அதன் பின்னரே.